தண்டலும் கியூஆர் அட்டையும்: மயிலாப்பூர்த் தெரு வியாபாரிகளின் கடனும் உரிமையும்

வளரும் நாடுகளில் சமூகத் தொழில்முனைவை ஆராய்பவர்கள், ஒரு புதிய வணிக முறை எத்தனை பேரை எவ்வளவு விரைவில் எட்டியது என்பதையே பெரும்பாலும் அளக்கிறார்கள். கடன் தரும் அமைப்பு யாருக்குச் சொந்தம், கடன் வாங்குபவரைப் பற்றிய அறிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள் பின்தங்கிவிடுகின்றன. வியாபாரியின் நிலையைத் தீர்மானிப்பவை இவைதான் என்பது என் வாதம்.

கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் பூ விற்கும் பெண்ணின் முதலுக்கு ஆயுள் ஒரே நாள். விடியுமுன் கொள்முதல் செய்து, தொடுத்து, இரவுக்குள் முழம் போட்டு விற்றாக வேண்டும், மிஞ்சியது வாடிப்போகும். இந்தக் கணக்கு வங்கிக்குப் புரிந்ததில்லை, தண்டல்காரருக்குப் புரிந்திருந்தது. ஆயிரம் ரூபாய்க் கடன் என்றால் நூறைப் பிடித்துக்கொண்டு 900 தருவார். தினம் பத்து வீதம் நூறு நாள் வசூல். பார்வைக்குச் சிறிய பிடித்தம். ஆனால் அசல் நாள்தோறும் கரைவதால், ஆண்டு வட்டி ஏறக்குறைய 80 விழுக்காடு ஆகிறது.

கட்சிப் பணியிலிருந்து விலகிவந்த ஜெயா அருணாசலம், 1978இல் சென்னையில் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தங்களில் ஒருத்தியைத் தலைவியாக்கி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றார்கள். முதலில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் 4 விழுக்காடு வட்டித் திட்டத்தை நாடினார்கள். படிவங்களும் தாமதமும் அலுப்பைத் தர, 1981இல் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அகமதாபாத்தில் பெண்களின் கூட்டுறவு வங்கியான சேவா வங்கி 1974இலேயே வந்துவிட்டது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976இல் தொடங்கிய முயற்சி 1983இல்தான் கிராமீன் வங்கியானது. சென்னை முயற்சியைக் கிராமீன் வங்கியின் கிளையாகக் காட்டுவது இந்தக் காலவரிசைக்குப் பொருந்தாது.

இங்கே உண்மையான புதுமை, கடன் வாங்குபவளே பங்குதாரராகவும் இருந்ததுதான். யார் வீட்டில் நோய், யாருடைய கணவர் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், மழை வந்தால் யார் வியாபாரம் படுக்கும் என்பதெல்லாம் குழுத் தலைவிக்குத் தெரியும். அந்த அறிவு சங்கத்தைவிட்டு வெளியே போகவில்லை.

2016இல் கைபேசிப் பணப்பரிமாற்ற முறையான யுபிஐ வந்தது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பணம் பெறும் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றானது. வரவேற்க வேண்டிய முடிவு, ஐயமில்லை. ஆனால் பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டியின் வாடகையும், வியாபாரிக்குக் கடன் ஏற்பாடு செய்வதும் பணப்பட்டுவாடா நிறுவனங்களுக்கு முக்கிய வருவாய் வழிகளாயின. அந்தக் கடன்களில் பல, அன்றாட வரவிலிருந்தே தவணையாகக் கழிக்கப்படுகின்றன. வட்டி தண்டலைவிடக் குறைவாக இருக்கலாம். வசூல் முறை தண்டலுடையதே. கடன் தகுதியை மதிப்பிடும் கணக்கோ நிறுவனத்தின் உடைமை. நடைபாதையிலிருந்து வளாகத்துக்கு மாற்றப்பட்ட பாண்டி பஜார் வியாபாரியின் விற்பனை சரிந்தால், நிறுவனத்தின் பரிமாற்றப் பதிவு சரிவை மட்டுமே காட்டும். காரணத்தைச் சொல்லச் சக வியாபாரி தேவை. கியூஆர் அட்டை மகனின் கணக்கோடு இணைந்திருந்தால், பூ விற்பவளின் உழைப்பு அந்தப் பதிவில் இடம்பெறுவதே இல்லை.

தொழில்நுட்பத்தை விலக்கச் சொல்லவில்லை. தினப்பதிவு, குழுத் தலைவியின் நினைவைவிடத் துல்லியமானது. கூட்டுறவுக்குப் பெருஞ்செலவாக இருந்த கணக்குவேலையை அது குறைக்கும். 2020இல் தெரு வியாபாரிகளுக்காக வந்த மத்திய அரசின் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதி, பிணையின்றி 10,000 ரூபாயில் தொடங்கி, மின்னணுப் பரிமாற்றத்துக்கு ஊக்கத்தொகையும் தந்தது. ஆயினும் அது வியாபாரியைத் தனி நபராகவே பார்க்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமோ நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளுக்கும், அதில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கும் ஒதுக்குகிறது. அந்தப் பிரதிநிதிகள் வழியே வியாபாரிகளின் கூட்டுறவு ஒன்று உருவாகி, உறுப்பினரின் சம்மதத்தோடு தினப்பதிவைத் தானே வைத்துக் கடன் வழங்குமானால், 1981இல் எடுத்த முடிவை இன்றைய கருவிகளோடு சோதித்துப் பார்க்கலாம். அதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. முதலீடு செய்வோர் உரிமையில் பங்கு கேட்பதுதான் தடை.