கடல்நீர்த் தொட்டிகளில் எய்ப்டேசியா

எய்ப்டேசியா என்பது கடல்நீர் மீன்தொட்டிகளில் களையாகப் பெருகும் சிறு கடற்சாமந்தி. ஓரிரு அங்குல உயரம், ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு, உச்சியில் நீண்டு மெலிந்த உணர்கைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். பாறைத் துண்டிலோ பவளத்தின் அடியிலோ ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்து சேரும். பிறகு உணர்கைகளிலுள்ள கொட்டுஞ்செல்களால் அண்டையிலிருக்கும் பவளங்களைச் சுட்டு, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டையான, நுனி பருத்த உணர்கைகளைக் கொண்ட அனிமோனியா மாஞ்சானோவும் இதே தொல்லையைத் தருவது. ஆனால் பரவலில் எய்ப்டேசியாவுக்கு ஈடாகாது.

எய்ப்டேசியா பேரினத்தை 1858இல் நிறுவியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ். கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்க்கும் பழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவரும் இவரே. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்ட முதல் பொது மீன்காட்சியகத்துக்கு உயிரினங்களைத் திரட்டித் தந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘தி அக்வேரியம்’ என்னும் இவரது நூல், இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை இத்தொட்டிகளுக்கு நிலைக்கச் செய்தது. தொட்டி வளர்ப்பைப் பரப்பியவரே அதன் தலையாய களைக்கும் பெயர் சூட்டியது வகைப்பாட்டு வரலாற்றில் சுவையான ஒன்று.

தொட்டிகளில் காணப்படும் இனத்தின் பெயர் நெடுங்காலம் குழப்பத்தில் இருந்தது. 1829இல் வில்ஹெல்ம் ராப் விவரித்த டயாஃபனா, 1864இல் வெரில் நூலில் அகாசிஸ் பெயரிட்ட பாலிடா, 1943இல் கார்ல்கிரென் விவரித்த புல்கெல்லா ஆகியவை தனித்தனி இனங்களாகவே நூல்களில் இடம்பெற்றன. 2014இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிராஹாலெஸ், ரோட்ரிகஸ் இருவரும் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, பல பெயர்களை ஒரே இனமாக்கி, எக்ஸெய்ப்டேசியா என்னும் புதிய பேரினத்தில் வைத்தனர். ஆய்வகங்களில் பழகிப்போன பாலிடா என்ற பெயரைக் காப்பாற்றும் கோரிக்கையைப் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 2017இல் ஏற்கவில்லை. எனவே முந்தியதே முறையான பெயர்: எக்ஸெய்ப்டேசியா டயாஃபனா. வளர்ப்போர் வழக்கில் மட்டும் எய்ப்டேசியா என்ற பழம்பெயரே நிற்கிறது.

கடலுயிர்க் காட்சியிலும் கடற்சாமந்தி ஆய்விலும் சென்னைக்கும் பழைய பங்கு உண்டு. மெரினா கடற்கரையில் 1909 அக்டோபரில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் இந்தியாவின் முதல் பொது மீன்காட்சியகங்களுள் ஒன்று. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. 1930களில் விலங்கியலாளர் என். கே. பணிக்கர் உவர்நீர்க் கடற்சாமந்திகளை ஆராய்ந்து, போலோசெராக்டிஸ் கோபாலை உள்ளிட்ட புதிய இனங்களை விவரித்தார். அவரும் ஆர். கோபால ஐயரும் சேர்ந்து 1937இல் சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. நகரின் கூவம், அடையாறு ஆறுகள் மாசுபட்டுள்ள இன்றைய நிலையில் அத்தகைய பட்டியலை மீண்டும் எழுதுவது கடினம்.

எய்ப்டேசியாவை ஒழிப்பது ஏன் கடினம் என்பதற்கு அதன் இனப்பெருக்கமே விடை. நகரும்போது அடித்தட்டிலிருந்து சிறு துணுக்குகளை விட்டுச்செல்கிறது. ஒவ்வொன்றும் முழு உயிரியாக வளர்கிறது. கத்தியால் சுரண்டுவதும் கையால் பிய்ப்பதும் இதனால் வீண்வேலை. மேலும் பவளங்களைப் போலவே இதன் திசுவுக்குள்ளும் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு தருகின்றன. பாசியை இழந்தாலும், இரை கிடைத்துக்கொண்டிருந்தால் இது சாவதில்லை. இந்த வலிமையால்தான், பாசியை இழந்து பவளம் வெளுப்பதை ஆராயும் ஆய்வகங்கள் இதை மாதிரி உயிரியாகக் கொண்டன. இதன் மரபணுத்தொகுதி 2015இல் வெளியானது.

ஒழிப்பு முறைகள் இரு வகை. முதலாவது மருந்திடுதல்: கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் குழைத்து, ஊசியால் வாய்ப்பகுதியில் வைப்பது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வேதியியலில் இதே பொருள்தான். ஆனால் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் தொட்டிக்கு ஆகாது. ஒரே நாளில் பலவற்றுக்கு இட்டால் நீரின் காரத்தன்மை சட்டென ஏறும். ஓரிரண்டு முளைத்த தொடக்கநிலையில் மட்டுமே இம்முறை பயன்தரும். பெருகிவிட்ட தொட்டிக்கு இரண்டாவதான உயிரியல் முறையே நம்பத்தக்கது. பெர்கியா ஸ்டெஃபனியே என்னும் ஓடில்லாக் கடல்நத்தை எய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. இரவில் இரைதேடும்; சுருள்சுருளாக முட்டையிட்டுப் பெருகும்; இரை தீர்ந்ததும் பட்டினியால் மடியும். நத்தையைத் தின்னும் மீன்களும் இறால்களும் உள்ள தொட்டியில் இதனால் பயனில்லை. லிஸ்மாட்டா வகை இறால், செல்மான் ராஸ்ட்ராடஸ் என்னும் நீள்மூக்குப் பட்டாம்பூச்சி மீன், கிளாத்திக்கு உறவான அக்ரெய்க்திஸ் டொமென்டோசஸ் ஆகியவையும் எய்ப்டேசியாவை உண்பவை. லிஸ்மாட்டா என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் ஒட்டக இறால் பவளத்தையே கொத்தித் தின்பதுண்டு.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் பகுதிகளில் தொட்டி சீர்கெடுவதற்குப் பெரும்பாலும் வெப்பமும் மின்தடையுமே காரணம். கத்திரி வெயிலில் வெளிவெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொடும். பவளத் தொட்டிக்கோ 25 முதல் 27 பாகை வரை வேண்டும். குளிரூட்டி நின்றால் பவளங்கள் வெளுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கரையைக் கடந்த பின்னும் பல இடங்களில் மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. நீரோட்டம் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன். மீன்களும் பவளங்களும் இறக்க, அழுகலில் அம்மோனியா ஏறும். தாக்குப்பிடிக்கும் எய்ப்டேசியா அந்த ஊட்டத்தில் பெருகும். மின்தடைக்குத் துணை பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப்; அது வீட்டு இன்வெர்ட்டரைவிட மலிவானது, நீண்ட நேரம் ஓடுவது.

இப்படிச் சீர்கெட்ட தொட்டியை மீட்பதில் முதல் வேலை இறந்தவற்றை அகற்றுவது. அம்மோனியா இறங்கும்வரை சிறுசிறு பங்காக நீர் மாற்றி, கரியிட்டு வடிகட்ட வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என நிலைத்த பிறகே புதுப் பவளம் சேர்க்கலாம். களையொழிப்பும் அதுவரை பொறுக்கும். இரை போடுவதைக் குறைப்பது தொட்டி மீட்புக்கும் களையொழிப்புக்கும் உதவும். இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. செயற்கை உப்பைக் கரைக்க ஆர்.ஓ. நீரையும் அயனிநீக்கி வழியே செலுத்தியே பயன்படுத்துகின்றனர். கோவளம், நீலாங்கரைக் கடல்நீரை அள்ளிவருவோர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைத் தவிர்க்கின்றனர்: முட்டுக்காடு, அடையாறு கழிமுகங்களின் நன்னீரும் வண்டலும் அப்போது கரையோரத்தில் கலக்கும்.

பாறை உருவாக்கும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தையோ, இறந்த பவளப் பாறையையோ எடுப்பது குற்றம். ஆகவே சுடுமண் அல்லது சிமென்ட் பாறையில் தொட்டி அமைப்பதே முறை. எய்ப்டேசியா நுழையும் முதன்மை வாயிலும் அதனால் அடைபடுகிறது.