பழைய மோட்டார் வண்டியும் அதன் பற்றரியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை வரவுசெலவுத் திட்டங்களிலும் திறைசேரி அறிக்கைகளிலும் தேடுவதே ஆய்வாளரிடை நிலவும் வழக்கமாகும். மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களிலும் அவ்வரலாறு பதிந்து கிடக்கின்றது. நுகேகொடைச் சந்தியில், ஹைலெவல் வீதியோரத்தே சிறிது நேரம் நின்று நோக்குவோர், யப்பானிய வண்டிகளுக்கு நடுவே மொறிஸ் மைனர் ஒன்று ஊர்ந்து செல்வதை இன்றுங் காணக்கூடும். அதன் முன்மூடியின் கீழிருக்கும் பற்றரியினூடாக நமது அண்மைக்கால வரலாற்றின் ஒரு கூற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஈயத் தகடுகளையும் சல்பூரிக்கமிலத்தையும் கொண்ட சேமிப்புக்கலத்தை 1859 இல் பிரான்சிய அறிஞர் பிளாந்தே உருவாக்கினார். 1881 இல் போர் என்பார் ஈயவொட்சைட்டுப் பசை பூசிய தட்டுகளைப் புகுத்தியமையால் அது தொழிற்றுறைக்கு ஏற்றதாயிற்று. எனினும், மோட்டார் வண்டியில் பற்றரி இன்றியமையாத இடத்தைப் பெற்றது, 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளில் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கி வந்த பின்னரேயாம். அதுவரை வண்டியின் முன்னே நின்று கைபிடியைச் சுழற்றியே பொறியை இயக்கினர்.

1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனரும், அக்காலத்து ஒஸ்ரின் ஏ40 வண்டியும் மின்தொடக்கியோடு கைபிடிக்கான துளையையும் கொண்டிருந்தன. பற்றரி தளர்ந்தாலும் வண்டி கைவிடாது என்பதே இதன் பொருள். இச்சிறு துளை இலங்கையிற் பெற்ற முக்கியத்துவம் இங்கிலாந்திற் பெற்றதினும் பெரிது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. புதிய வண்டி அரிதாகவே, இருந்த வண்டியைக் காப்பதே வழியாயிற்று. கொழும்பு வாடகை வண்டிகளுட் பல மொறிஸ் மைனர்களாய் நெடுங்காலம் ஓடியதற்கும், பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களின் சந்தையாய் வளர்ந்தமைக்கும் இச்சூழல் ஒரு காரணமாகும்.

அக்காலத்துப் பற்றரியே திருத்தத்தக்க ஒரு பொருளாக இருந்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. வன்றப்பர்ப் பெட்டியில் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு வோல்ற்று. கலங்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளித்தெரியும். மேற்பரப்புத் தாரினால் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் பழுதுற்றால் தாரை உருக்கி நீக்கி, பட்டையை அறுத்து, தட்டுகளை மாற்றி மீண்டும் மூடலாம். பின்னர் வந்த பிளாத்திக்குப் பெட்டிகள் வெப்பத்தால் ஒட்டி மூடப்பட்டவையாதலின், ஒரு கலம் இறப்பின் பற்றரி முழுவதும் இறக்கும். மலிவான பொருள் வந்தது. அதனோடு ஒரு கைத்தொழில் மறைந்தது.

பழைய வண்டியில் இன்று புதிய பற்றரியைப் பொருத்துவோர் முதலில் அறிய வேண்டியது, எம்முனை உடலோடு இணைகின்றது என்பதாகும். அக்காலப் பிரித்தானிய வண்டிகளுட் பெரும்பாலானவை நேர்முனையை உடலோடு இணைத்தவை. 1960களில் மாறுதிசை மின்பிறப்பாக்கியும் திரான்சிற்றர்க் கருவிகளும் பரவியபோது, மறைமுனையை இணைப்பதே பொதுவழக்காயிற்று. இவ்வேறுபாட்டை அறியாது மாற்றிப் பொருத்தின், பின்னாளிற் சேர்த்த வானொலி முதலியன நொடியில் எரிந்துபோகும். மேலும், நேர்முனைத் தண்டு மறைமுனைத் தண்டினும் சற்றுப் பருமனானது. கவ்வி பொருந்தவில்லையெனிற் சம்மட்டியை எடாது, முனையை மீளப் பார்த்தலே அறிவுடைமை. உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றி, இறுதியில் மாட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், சாவி உடலிற் பட்டுத் தீப்பொறி எழும். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஐதரசன் தீப்பற்றவுங் கூடும்.

பராமரிப்பும் இடத்துக்கேற்ப மாறுவதாகும். முழு மின்னேற்றம் பெற்ற கலத்தின் அமிலத்துக்குக் குளிர்நாடுகளில் 1.28 அளவான தன்னீர்ப்பு விதிக்கப்படும். வெப்பம் தட்டுகளின் அரிப்பை விரைவுபடுத்துமாதலின், நம்போன்ற நாடுகளுக்கு 1.25 அளவே ஏற்றதெனக் கொள்வர். ஆவியாவது நீரேயாதலின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும்; அமிலத்தை ஊற்றலாகாது. பழைய டைனமோ, பொறி மெல்ல ஓடும்போது போதிய மின்னைத் தராது. ஆகவே மாலை வேளையில் விளக்கேற்றி நுகேகொடை நெரிசலில் நிற்கும் வண்டியின் பற்றரி தேய்ந்துகொண்டேயிருக்கும். தேய்ந்த நிலையில் நாட்கணக்கில் விடின், தட்டுகளில் ஈயசல்பேற்று இறுகிப் படிந்து மின்னேற்றத்தை ஏற்க மறுக்கும்.

இவ்வறிவு பொழுதுபோக்கினர்க்கு மட்டும் உரியதன்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்கு எரிபொருளும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் இல்லையாயிற்று. யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலில் இயக்கித் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குறைந்த அமுக்க விகிதமுடைய பழைய பொறியாதலின் அது இயன்றது. நோயாளரும் கருப்பிணிகளும் மருத்துவமனையை அடைய அன்று இத்தகைய பழைய வண்டிகள் உதவின. பழமை என்று நகைக்கப்பட்டதே அன்று உயிர்காத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழையதைக் காக்கும் கலையின் அருமையை நாடு மறுபடியும் உணர்ந்தது. ஆயினும் இக்கலைக்கு ஒரு நிழலுமுண்டு. கழித்த பற்றரிகளை வீட்டுப் புறங்களில் உடைத்து ஈயம் உருக்குதல், மண்ணையும் அங்கு விளையாடும் சிறாரின் மூளையையும் ஒருங்கே கெடுக்கும். கலையைப் போற்றுவோர் இக்கேட்டையும் மறைத்தலாகாது.

தாரை உருக்கித் தட்டு மாற்றிய கைகளும், தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய கைகளும் முதுமையெய்தி வருகின்றன. அவர்தம் அனுபவங்கள் நூல்களில் ஏறவில்லை. சாசனங்களைப் படியெடுக்கும் ஆர்வத்தோடு, திருத்தகங்களுக்குஞ் சென்று அம்முதியோர் வாய்மொழியையும் பதிவுசெய்தல் வரலாற்று மாணவர் கடனாகும். அவர்கள் மறைந்தபின் எஞ்சும் பழைய வண்டி தன் கதையைத் தானே சொல்லாது.