எரிமலை வாயு முகில்களைத் தொலைவிலிருந்து கண்காணித்தல்

எரிமலை வாயிலிருந்து எழும் வாயுக்களின் வகையையும் அளவையும், கிட்டப் போகாமல் ஒளியைக் கொண்டே அறியும் முறை. இலங்கையில் எரிமலை கிடையாது. கண்டி, அம்பிட்டியச் சுற்றுவட்டார மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள். ஆயினும் இத்துறையின் முன்கதையில் நமது வானத்துக்கும் இடமுண்டு.

1883 ஓகஸ்ட் 27 இல் கிராக்கட்டோவா எரிமலை வெடித்தது. அதன் தூசு மேற்காகச் சென்று உலகை வலம்வந்து, செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் மேலே பரவியது. காலை மாலைகளில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் சார்ல்ஸ் மிச்சி சிமித் அந்த ஒளியை நிறமாலைகாட்டியில் பிரித்துப் பார்த்தார். நீராவிக்குரிய உறிஞ்சற் பட்டைகள் அழுத்தமாகத் தெரிந்தன. பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானவர் இவரே. வாயுவின் அளவை அவர் கணக்கிடவில்லை. ஆனால் முகிலைக் கடந்துவந்த சூரிய ஒளியில் எது குறைந்திருக்கிறது என்று தேடும் அதே வழியில்தான் பிற்காலக் கருவிகளிற் பெரும்பாலானவை இயங்குகின்றன.

எரிமலைகள் அதிகம் உமிழ்வது நீராவியும் காபனீரொட்சைட்டும். இவை வளியில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பிரித்தறிவது கடினம். கந்தகவீரொட்சைட்டு வளியில் அரிது. கழியூதாக் கதிரை நன்கு உறிஞ்சவும் செய்யும். அதனால் இவ்வாயுவையே அளக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அதற்கெனப் பயன்பாட்டுக்கு வந்த ‘கொஸ்பெக்’ கருவியை வாகனத்தில் ஏற்றி, முகிலின் அடியில் குறுக்காக ஓட்டுவார்கள். கிடைக்கும் அளவைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் நாளுக்கு எத்தனை தொன் என்று தெரியும். காற்றின் வேகம் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்.

இம்முறையின் அருமையைக் காட்டியது பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை. 1991 மே 13 இல் நாளுக்குச் சுமார் 500 தொன்னாக இருந்த கந்தகவீரொட்சைட்டு, மே 28 இல் 5,000 தொன்னைத் தாண்டியது. யூன் 5 அளவில் சில நூறு தொன்னுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்ளாமல், வாயு வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். நிலநடுக்கப் பதிவுகளும் எச்சரிக்க, பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். யூன் 15 இல் மலை பேரளவில் வெடித்தது. எண்ணை வாசிப்பதிலும் அதற்குப் பொருள் காண்பதே கடினமான வேலை.

செய்மதிக் கண்காணிப்பு எதிர்பாராமல் வாய்த்தது. ஓசோனை அளக்க 1978 இல் நிம்பஸ்-7 செய்மதியில் அனுப்பப்பட்ட கருவி, 1982 இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை உமிழ்ந்த கந்தகவீரொட்சைட்டையும் காட்டியது. 2017 இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி இன்று நாள்தோறும் உலகை அளக்கிறது.

தெற்காசியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை அந்தமானின் பேரன் தீவு. ஆளில்லாத இத்தீவு 1991 இல் மீண்டும் சீறத் தொடங்கியது; அதன் சாம்பலை டார்வின் எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை நிலையம் கவனிக்கிறது. 2025 நவம்பர் 23 இல் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது எழுந்த முகில், செங்கடலையும் அரேபியாவையும் கடந்து மறுநாள் இந்தியாவின் மேலே வந்தது. செய்மதிகள் வழிநெடுக அதைத் தொடர்ந்தன. இந்திய விமான நிறுவனங்கள் சில பயணங்களை இரத்துச் செய்தன.