ஊர் நீதிமன்ற ஏடுகள் உரைக்கும் வரலாறு

மன்னர்களின் போர்களையும் மாளிகைகளின் சூழ்ச்சிகளையும் மட்டுமே வரலாறு என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. எளிய மக்களின் வாழ்வும் தாழ்வும் வரலாறே என்னும் தெளிவு இன்று பிறந்திருக்கிறது. ஆனால் அவ்வெளிய மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தவர் அல்லர். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு அக்காலத்தில் இரண்டே வழிகள் இருந்தன எனலாம். ஒன்று, வரி கொடுத்தவனின் உடைமையாக எண்ணப்படுவது; மற்றொன்று, குற்றவாளிக் கூண்டில் நிற்பது. ஆகவேதான் ஒரு நாட்டுப்புற நீதிமன்றத்தின் பழைய குற்றப் பதிவேடு, வரலாற்றைத் தேடுவோர்க்குப் பெருஞ்செல்வமாகிறது. அச்செல்வத்தை எங்ஙனம் தேடுவது, தேடிக் கண்டதை எங்ஙனம் படிப்பது என்பவற்றுக்கு அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலம் தக்க சான்றாக விளங்குகிறது.

கவுண்டியும் அதன் எழுத்தரும்

இங்கிலாந்திலிருந்து வர்ஜினியாவில் குடியேறியவர்கள் தம் தாய்நாட்டின் ஆட்சிமுறையையும் உடன் கொண்டுசென்றனர். 1634 ஆம் ஆண்டில் அக்குடியேற்றம் எட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 'கவுண்டி' என்னும் பெயரே நிலைத்தது. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு நீதிமன்றம் இருந்தது. சட்டம் பயின்றவர் அல்லர் அதன் நீதிபதிகள். நிலமும் செல்வாக்கும் உடைய உள்ளூர்ப் பெருமக்களே அவர்கள். அவர்கள் திங்கள்தோறும் கூடி, கடன் வழக்கு, எல்லைத் தகராறு, உயில், திருட்டு, அடிதடி ஆகிய அனைத்தையும் விசாரித்தனர்.

அம்மன்றத்தின் உயிர்நாடி எழுத்தரே ஆவார். நீதிபதிகள் வருவர், போவர். எழுத்தரின் ஏடு நிற்கும். வழக்கின் நாள், வழக்காடியோர் பெயர், சான்று கூறியோர், முடிவு ஆகியவற்றை அவர் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்தார். குற்றச்சாட்டு, கைது ஆணை, வாக்குமூலம் போன்ற தனித்தாள்களை மடித்துக் கட்டிப் பேழையில் இட்டார். நார்த்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்ற ஏடுகள் 1632 ஆம் ஆண்டிலிருந்து இடையறவின்றிக் கிடைக்கின்றன. அமெரிக்க நாட்டில் தொடர்ச்சியாக எஞ்சியுள்ள நீதிமன்ற ஏடுகளில் மிகப் பழையவை அவையே.

எரிந்தனவும் எஞ்சினவும்

எல்லாக் கவுண்டிகளுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டபோது, படைகள் வரும் வழியில் இருந்த சில கவுண்டிகள் தம் ஏடுகளைத் தலைநகரான ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. நகரம் காக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1865 ஏப்ரல் 3 ஆம் நாள், பின்வாங்கிய தென்னகப் படைகள் வைத்த தீ நகரெங்கும் பரவியது. ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி முதலிய கவுண்டிகள் பாதுகாப்புக்கென அனுப்பிய ஏடுகள் அத்தீயில் வெந்து சாம்பலாயின. காக்கவேண்டி அனுப்பியதே கெடுவதற்கு ஏதுவாயிற்று. இன்று ஹனோவரில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வழக்கைத் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடனே திரும்ப நேர்கிறது.

சவுத்தாம்ப்டன் கவுண்டியின் ஏடுகளோ தப்பின. அதனால் உலகறிந்த ஒரு வழக்கின் உண்மையும் தப்பியது.

1831 ஆம் ஆண்டின் கிளர்ச்சி

வர்ஜினியாவின் தென்கிழக்கே அமைந்த உழவுநாடு சவுத்தாம்ப்டன். அதன் தலைமையூர் அக்காலத்தில் ஜெருசலேம் என வழங்கிற்று. 1888 இல் கோர்ட்லண்டு எனப் பெயர் மாறியது. அங்கே 1800 இல் அடிமையாகப் பிறந்தவர் நாட் டர்னர். எழுதப் படிக்கக் கற்றவர். சமய உரை நிகழ்த்துபவர். 1831 ஆகஸ்டு 21 ஆம் நாள் ஞாயிறு இரவு, அவர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் கோடரி ஏந்திப் புறப்பட்டது. இரண்டு நாள்களுக்குள் வெள்ளையர் ஏறத்தாழ 55 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. கிளர்ச்சி விரைவில் அடக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு திங்கள் மறைந்திருந்த டர்னர் அக்டோபர் 30 இல் பிடிபட்டார். நவம்பர் 5 இல் விசாரிக்கப்பட்டார். நவம்பர் 11 இல் தூக்கிலிடப்பட்டார்.

ஆகஸ்டு 31 இல் தொடங்கிய இவ்வழக்குகளில் ஏறக்குறைய 50 பேர் நிறுத்தப்பட்டனர். அடிமைகளுக்கென அமைந்த தனி விசாரணை முறை அது. அதில் நடுவர் குழு கிடையாது. கவுண்டி நீதிபதிகளே அமர்ந்து தீர்ப்பளிப்பர். ஆயினும் குற்றவாளி எனத் தீர்ப்பதற்கு அனைவரும் ஒருமித்த கருத்தினராய் இருத்தல் வேண்டும். அடிமைக்கு வழக்கறிஞர் ஒருவரையும் மன்றம் அமர்த்தியது. முப்பது அடிமைகள் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர்க்குத் தூக்குத் தண்டனை, மாநிலத்துக்கு வெளியே விற்கப்படும் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பதினைந்து பேர் விடுவிக்கப்பட்டனர் என்பதும் அதே ஏட்டில்தான் உள்ளது. ஊரே கொதித்திருந்த வேளையில் இத்துணைப் பேர் விடுதலை பெற்றது, ஏடு இல்லையேல் எவரும் நம்பாத செய்தியாகியிருக்கும்.

நூல் சொல்வதும் ஏடு சொல்வதும்

டர்னரைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் நெடுங்காலம் ஒரு சிறு நூலின் வழியே வந்தது. தாமஸ் கிரே என்னும் வழக்கறிஞர் சிறையில் டர்னரைக் கண்டு உரையாடி, அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் என்று 1831 நவம்பரில் அதனை வெளியிட்டார். வழக்கு நடந்த முறையையும் அதில் சேர்த்திருந்தார். அந்நூலின்படி, தலைமை நீதிபதி டர்னரை நோக்கி உணர்ச்சி பொங்க நீண்டதோர் உரை ஆற்றிய பின்னரே தண்டனை விதிக்கிறார். டர்னர் தந்த ஒப்புதலும் மன்றத்தில் படிக்கப்பட்டதாக நூல் கூறுகிறது.

நீதிமன்றக் குறிப்பேட்டைப் புரட்டினால் அந்நீண்ட உரையைக் காணோம். கிரே எழுதிய வாக்குமூலம் படிக்கப்பட்டதாகவும் குறிப்பில்லை. நேரிற் கண்ட ஒருவரின் சான்றும், பிடிபட்டபின் டர்னர் கூறியதைக் கேட்ட நீதிபதி ஒருவரின் சான்றும் சுருக்கமாகப் பதிவாகியுள்ளன. பின்னர், குற்றவாளி என்னும் முடிவு, தூக்கிலிடும் நாள், அவ்வளவே. எழுத்தர் எல்லாவற்றையும் எழுதவில்லை என்று வாதிடலாம். எனினும் விற்பனைக்கு அச்சிட்ட நூலையும் கடமைக்காக எழுதிய ஏட்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

1967 இல் வில்லியம் ஸ்டைரன் டர்னரைக் கதைத் தலைவராக்கி ஒரு புதினம் எழுதினார். அது பரிசும் பெற்றது. கறுப்பின எழுத்தாளர்களின் கடுங்கண்டனத்துக்கும் ஆளாயிற்று. உண்மை டர்னர் யார் என்னும் வினா ஓங்கி ஒலித்தது. ஹென்றி இர்விங் டிராகிள் என்னும் ஆய்வாளர் மூல ஆவணங்களையே நாடிச் சென்றார். வழக்குப் பதிவுகளைத் திரட்டி 1971 இல் நூலாக்கினார். நூற்று நாற்பது ஆண்டுகளாக எவர் வேண்டுமானாலும் பார்த்திருக்கக்கூடிய ஏடுகள் அவை. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

தேடும் முறை

இத்தகைய ஏடுகளைத் தேடுவோர் முதலில் அறியவேண்டுவன மூன்று: குற்றம் நிகழ்ந்த கவுண்டி, ஏறத்தாழ எந்த ஆண்டு, வழக்கில் தொடர்புடையோர் பெயர். ஒரு கவுண்டியின் ஏட்டில் அடுத்த கவுண்டியின் வழக்கு இராது. எல்லைகளும் காலந்தோறும் மாறியவை. சவுத்தாம்ப்டனே 1749 இல் வேறொரு கவுண்டியிலிருந்து பிரிந்ததாகும். ஆகவே அவ்வாண்டுக்கு முற்பட்ட செய்தியைத் தாய்க் கவுண்டியின் ஏட்டில்தான் தேடவேண்டும்.

அடுத்தது பெயர் அகரவரிசை. இங்கேதான் அடிமை வாழ்வின் கொடுமை தேடுபவரின் முகத்தில் அறைகிறது. அடிமைக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இன்னாருடைய உடைமையாகிய இன்னான் என்றே எழுதுவர். எனவே அடிமையைத் தேடுவோர் ஆண்டானின் பெயரைத் தேடவேண்டும். டர்னர் வழக்கின் பதிவில் அவர் பட்னம் மூர் என்பவரின் உடைமை எனக் குறிக்கப்பட்டுள்ளார். அந்த ஆண்டான் உரிய அகவை எய்தாத ஒரு சிறுவன்! முப்பது அகவை கடந்த, பலர்க்கு வழிகாட்டிய ஒருவர், சட்டத்தின் கண்ணில் ஒரு சிறுவனின் சொத்து. தீர்ப்பின் இறுதியில் அவர் விலையும் மதிப்பிடப்பட்டது: 375 டாலர். அடிமையைத் தூக்கிலிட்டால் அவ்விழப்பை அரசு ஈடுசெய்யவேண்டும் என்பது அன்றைய சட்டம்.

மூன்றாவது, ஓரிடத்தில் இல்லாததைப் பிறிதோர் இடத்தில் தேடுதல். மரண தண்டனை பெற்ற அடிமையின் வழக்குப் படி ஆளுநருக்கு அனுப்பப்பட்டது. இழப்பீட்டுக் கணக்கு மாநிலத் தணிக்கையாளரிடம் சென்றது. இவை ரிச்மண்டிலுள்ள வர்ஜினியா நூலகத்தில் காக்கப்படுகின்றன. 1823 இல் தோன்றிய அந்நூலகம் கவுண்டி ஏடுகளின் நுண்படச் சுருள்களையும் வைத்திருக்கிறது.

இன்றைய நிலை

கவுண்டி நீதிமன்றங்கள் 1904 இல் மறைந்தன. அவற்றின் ஏடுகள் வட்ட நீதிமன்றத்திடம் வந்து சேர்ந்தன. அதன் எழுத்தர் எட்டாண்டுக் காலத்துக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பெருங்குற்ற வழக்குகள் அம்மன்றத்திலும், சிறு குற்றங்கள் பொது மாவட்ட நீதிமன்றத்திலும் நடைபெறுகின்றன. பெருங்குற்ற வழக்கின் தொடக்க விசாரணை பொதுவாகக் கீழ்மன்றத்தில் நிகழ்வதால், இரண்டிலும் தேடுவதே முறை. சட்டம் மூடிவைத்தவை ஒழிய, வட்ட நீதிமன்றப் பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை உண்டு, காரணம் கூறவேண்டுவதில்லை. சிறுவர் வழக்குகள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல.

இவ்வுரிமை எளிதில் நிலைத்ததன்று. ஏடுகளை இழந்த அதே ஹனோவரில், 1978 இல் ஒரு கொலை வழக்கைக் கதவடைத்து விசாரிக்க நீதிபதி ஆணையிட்டார். செய்தித்தாள் நிறுவனம் வழக்காடியது. குற்ற விசாரணையைக் காணும் உரிமை மக்களுக்கு உண்டு என 1980 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம், ஒருமுறை ஏட்டில் ஏறிய பெயர் வாழ்நாள் முழுதும் ஒருவனைத் துரத்துவது அறமாகுமா என்னும் வினாவும் எழுந்தது. குறிப்பிட்ட சில பதிவுகளை மூடிவைக்க வகைசெய்யும் சட்டத்தை வர்ஜினியா 2021 இல் இயற்றியது. மக்களின் அறியும் உரிமையும், திருந்தியவனின் வாழும் உரிமையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

எனவே பதிவைப் படிப்போர்க்குப் பொறுப்பு மிகுதி. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். முதல் ஏட்டைக் கண்டு முடிவை நோக்காமல் விடுவது, விடுதலை பெற்றவனை மீண்டும் கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

ஏட்டின் எல்லை

ஏடு உண்மையைக் காக்கும். ஆனால் முழு உண்மையை அன்று. கிளர்ச்சி அடங்கிய நாள்களில், படையினரும் பொதுமக்களும் கறுப்பினத்தவர் பலரை விசாரணையின்றியே கொன்றனர். ஒருவரின் தலை சாலையோரக் கம்பத்தில் நடப்பட்டது. அச்சாலை பல தலைமுறை அப்பெயராலேயே வழங்கிற்று. கொல்லப்பட்டோர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் கருத்து இன்றும் வேறுபடுகிறது. வழக்கு இல்லை, ஆகவே ஏடும் இல்லை. கொன்றவர்மீது வழக்குத் தொடுத்தோரும் இலர். தூக்கிலேறியவனுக்கேனும் ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. வழியில் வீழ்த்தப்பட்டவனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்தவேண்டியது இதுவே: ஏட்டைத் தேடவேண்டும், பிற சான்றுகளுடன் ஒப்பிடவேண்டும், ஏடு யாருடைய கையால், யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கவேண்டும், அது பேசாத இடத்திலும் செவி சாய்க்கவேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் முதுமொழி. அத்தீர விசாரித்தலுக்கு, சிற்றூர் ஒன்றின் எழுத்தர் தம் கடமையெனக் கருதி எழுதிவைத்த நான்கு வரிகள் துணைநிற்கின்றன. உடைமை என்றே அவை குறித்த அம்மனிதரை, கற்றறிந்த ஒரு தலைமுறை மனிதராகவே கண்டுகொண்டது. அவ்வேடுகளின் பயன் அதுவன்றோ!