ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கிறதா? பயப்படும் முன் இதைப் படியுங்கள்

இரவு 11 மணி. ஸ்கேன் சென்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது. உங்களுக்கு இரண்டு மாதமாக இடுப்பு வலி. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நாளை மறுநாள்தான். அதுவரை பொறுக்க முடியுமா? உடனே திறக்கிறீர்கள். 'எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், இண்டென்டிங் தீக்கல் சாக்' என்கிறது ரிப்போர்ட். இணையத்தில் தேடினால் வரிசையாக ஆபரேஷன் வீடியோக்கள். அன்றைய தூக்கம் போச்சு.

கொஞ்சம் பொறுங்க. அதே ரிப்போர்ட்டின் அடியில் பெரும்பாலும் இன்னொரு வரி இருக்கும்: 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை'. நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் வரி அது. படத்தில் தெரிவதும் நோயாளியின் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று டாக்டர் நேரில் சோதிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அப்படிப் பொருத்திப் பார்க்க உதவும் அறிவுதான் உடற்கூறியல். அதில் கொஞ்சம் உங்களுக்கும் தெரிந்திருந்தால், அடுத்த முறை ரிப்போர்ட் வரும்போது பதற்றம் பாதியாகக் குறையும்.

எல்4-எல்5 என்றால் என்ன?

அது ஒரு முகவரி. நம் முதுகெலும்பில் பொதுவாகக் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ் முதுகில் 5 எலும்புகள். அவற்றுக்குக் கீழே ஒன்றாக இணைந்த 5 எலும்புகளும், வால் பகுதியில் 4 சிறு எலும்புகளும் உண்டு. மொத்தம் 33. கீழ் முதுகுக்கு ஆங்கிலத்தில் லம்பார் என்று பெயர். அதன் முதல் எழுத்துதான் 'எல்'. ஆக, எல்4-எல்5 என்பது கீழ் முதுகின் 4-வது, 5-வது எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று ஊரில் சொல்கிறோமே, அந்த ஜவ்வு இதுதான்.

டிஸ்க்கின் வெளிப்பக்கம் கெட்டியான நார் வளையம். உள்ளே நீர்ச்சத்து நிறைந்த ஜெல். 'பல்ஜ்' என்றால் அதன் ஓரம் சற்றுப் பரவலாக உப்பியிருக்கிறது என்று அர்த்தம். 'புரொட்ரூஷன்' என்றால் ஓரிடத்தில் மட்டும் பிதுங்கியிருக்கிறது. 'எக்ஸ்ட்ரூஷன்' அதைவிட அதிகமாக வெளியே தள்ளியிருப்பது. 'தீக்கல் சாக்' என்பது நரம்புகளையும் திரவத்தையும் உள்ளே வைத்திருக்கும் உறை. 'இண்டென்டிங்' என்றால் டிஸ்க் அந்த உறையை அழுத்துகிறது. நரம்பு நசுங்கிவிட்டது என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

இன்னொரு விஷயம். பெரியவர்களின் தண்டுவடம் வழக்கமாக எல்1-எல்2 அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றைதான். முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுக்கும்போது எல்3-எல்4 பக்கம் குத்துவதற்குக் காரணமும் இதுவே.

எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

1895-ல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, எலும்பை நன்றாகக் காட்டும். ஆனால் டிஸ்க் அதில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் தெரியும். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சிடி ஸ்கேன், அதே எக்ஸ்ரேயைப் பல கோணங்களில் செலுத்தி உடம்பைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எலும்பு பல நூறுகள்.

எம்ஆர்ஐ-யில் கதிர்வீச்சு ஆபத்து கிடையாது. காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் வைத்து, உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து சிக்னல் வாங்குகிறது. நீர்ச்சத்து உள்ள டிஸ்க் ஒரு வகைப் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். நீர் குறைந்தால் கறுத்துத் தெரியும். ரிப்போர்ட்டில் 'டெசிகேஷன்' என்று வருவது இதைத்தான். வயதாக ஆக நரைமுடி வருவது போல இதுவும் வரும்.

படத்தை நீங்களே பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. குறுக்குவெட்டுப் படங்கள் நோயாளியின் கால் பக்கம் நின்று பார்ப்பது போல அமைந்திருக்கும். அதனால் உங்கள் வலது பக்கம் படத்தின் இடது பக்கத்தில் இருக்கும்.

வலியே இல்லாதவர்களுக்கும் பல்ஜ் இருக்குமா?

இருக்கும், அதுவும் நிறைய பேருக்கு. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்து, 2015-ல் ஓர் அமெரிக்க நரம்புக் கதிரியக்கவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் மதிப்பீட்டின்படி, வலி இல்லாதவர்களில் டிஸ்க் பல்ஜ் இருப்பவர்கள்:

20 வயதில் 30 சதவீதம்
30 வயதில் 40 சதவீதம்
40 வயதில் 50 சதவீதம்
80 வயதில் 84 சதவீதம்

அதாவது உங்கள் டீமில் 30 வயதுக்காரர்கள் பத்து பேர் முதுகுவலி இல்லாமல் இருந்தாலும், எல்லோரையும் எம்ஆர்ஐ-க்குள் அனுப்பினால் சுமார் நான்கு பேருக்கு 'பல்ஜ்' என்று ரிப்போர்ட் வரலாம்.

அப்போ பல்ஜ் ஒன்றுமே செய்யாதா? அப்படியும் சொல்ல முடியாது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில், வலி இல்லாதவர்களைவிட வலி உள்ளவர்களிடம் பல்ஜ் அதிகம் காணப்படுகிறது என்று அதே குழுவினரின் இன்னோர் ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: பல்ஜ் வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

டாக்டர் ஏன் குதிகாலில் நடக்கச் சொல்கிறார்?

இங்கேதான் உடற்கூறியல் வேலைக்கு வருகிறது. கீழ் முதுகிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நரம்புக்கும் காலில் தனி எல்லை உண்டு. எல்4 நரம்பு முழங்காலையும் காலின் உள்பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. எல்5 பாதத்தின் மேல்பக்க உணர்வுக்கும் கட்டை விரலை மேலே தூக்குவதற்கும். எஸ்1 பாதத்தின் வெளி ஓரத்துக்கும், நுனிக்காலில் நிற்பதற்கும்.

எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அழுத்தப்படுவது எல்5 நரம்பு. அதனால்தான் டாக்டர் உங்களைக் குதிகாலில் நடக்கச் சொல்கிறார், கட்டை விரலைத் தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துகிறார். ரிப்போர்ட் 'இடது எல்5' என்று சொல்லி, உங்களுக்கு மரத்துப்போவதும் இடது பாதத்தின் மேல்பக்கம் என்றால் படமும் உடம்பும் பொருந்துகின்றன. வலியோ வலது பக்கம் என்றால் அந்தப் பல்ஜ் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதைச் சரிசெய்ய ஆபரேஷன் செய்தாலும் வலி போகாமல் இருக்கலாம்.

இந்த நரம்பு வரைபடத்துக்கு அடித்தளம் போட்டவை இறந்தவர்களின் உடல்கள். நவீன மருத்துவக் கல்வியில் உடலை அறுத்துப் படிப்பது இந்தியாவில் 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தாவிடமிருந்து தொடங்கியது என்பார்கள். உடலைத் தொடுவதே தீட்டு என்று நினைத்த காலம் அது. இன்றும் எம்பிபிஎஸ் முதலாண்டு மாணவர்கள் தானமாக வந்த உடல்களில் கற்கிறார்கள். அங்கே அவர்கள் கற்கும் ஒரு பாடம்: புத்தகத்தில் உள்ளபடியே எல்லா உடம்பும் இருக்காது.

உதாரணமாக, சிலருக்குக் கீழ் முதுகில் 5-க்குப் பதில் 4 அல்லது 6 எலும்புகள் இருப்பது போலத் தோன்றும். அவர்களுக்கு எதை எல்5 என்று எண்ணுவது? ரேடியாலஜிஸ்ட் ஒரு மாதிரியும் சர்ஜன் வேறு மாதிரியும் எண்ணினால், தவறான டிஸ்க்கில் கத்தி வைக்கும் அபாயம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'டிரான்சிஷனல் வெர்டிப்ரா' என்ற சொல் இருந்தால், எப்படி எண்ணினார்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் போக முடியாமல் போவது அல்லது கட்டுப்பாடு இழப்பது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, கால்கள் வேகமாக பலம் இழப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். குதிரைவால் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் பாதிப்பு நிரந்தரமாகலாம். காய்ச்சல், காரணம் இல்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது ஆகியவற்றோடு முதுகுவலி வந்தாலும் சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள்.

இந்த அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாத புது முதுகுவலிக்கு முதல் 6 வாரங்களுக்குள் ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல்களின் பொதுவான அறிவுரை. பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் வலி குறைந்துவிடுகிறது. பிதுங்கிய டிஸ்க்கும் பல பேருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குகிறது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

1. ரிப்போர்ட்டில் உள்ள இந்தப் பல்ஜ் என் வலி இருக்கும் இடத்தோடு பொருந்துகிறதா?
2. எந்த நரம்பு, எந்தப் பக்கம்?
3. என் வயதில் இது சாதாரணமாகக் காணப்படும் மாற்றமா?
4. இப்போது பிசியோதெரபியோடு காத்திருந்தால் என்ன ஆகும்? எது நடந்தால் உடனே வர வேண்டும்?

அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் செய்ய ஒரு சின்ன வேலை உண்டு. வலி எங்கே தொடங்குகிறது, காலில் எதுவரை இறங்குகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று ஒரு தாளில் கால் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். ரேடியாலஜிஸ்ட்டிடம் உங்கள் ஸ்கேன் படம் இருந்தது. இந்தத் தாள் உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டையும் டாக்டர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு முடிவெடுங்கள்.