யார் பெயரில் தண்ணீர்?

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. பள்ளிப் பாடநூலிலும் போட்டித் தேர்விலும் அவைதான் நம் பழைய ஜனநாயகத்துக்குச் சாட்சி. ஆய்வு மாணவியாக வேறு எதற்கோ அவற்றைப் படிக்கப் போன நான் ‘ஏரி வாரியம்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேருக்குத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். வேதம் கற்றிருக்கவேண்டும், அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

பெண்கள் கூடாது என்று அதில் எழுதப்படவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருந்திருக்காது. ஆனாலும் கல்வெட்டில் பெண் வருகிறாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லுமிடத்தில் தாயின் சகோதரி மக்கள், அத்தை மக்கள், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன் என்று பட்டியல் நீள்கிறது. ஓர் ஆணிலிருந்து இன்னோர் ஆணுக்கு உறவு எண்ணிப் போகும் வழியில் அவள் நிற்கிறாள்.

ஏரியைப் பற்றி இப்போது ஏன் பேசவேண்டும் என்றால், இன்று ‘காலநிலை மாற்றத்துக்கான தகவமைப்பு’ என்று அரசு ஆவணங்கள் எதைச் சொல்கின்றனவோ, அதைத் தமிழ்நாடு ஏரிகளைக் கொண்டே பல நூற்றாண்டுகள் செய்துவந்திருக்கிறது. நம் மழையின் பெரும்பகுதி சில மாதங்களில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓராண்டு அழிக்கும், ஓராண்டு ஏமாற்றும். இதற்காகச் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டப்பட்ட கண்மாய்கள், மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகிற சங்கிலி, தூம்பு, மடை, வரத்துக்கால், ஆண்டுதோறும் தூர் எடுக்கும் வழக்கம் எல்லாம் உண்டாயின. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்கச் சொல்லும் பாட்டு (புறநானூறு 18) வானத்தை முழுதாக நம்பமுடியாத நிலத்தில் பிறந்த அரசியல் அறிவுரை. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகள் அந்த அவநம்பிக்கையின் மிச்சம்.

ஏரியின் நிர்வாகத்தில் இல்லாத பெண் அதன் கதையில் மட்டும் இருக்கிறாள். கன்னடத்தில் ‘கெரெகெ ஹார’ என்ற நாட்டார் கதைப்பாடல் உண்டு. வெட்டிய ஏரியில் நீர் ஊறவில்லை, கடைசி மருமகள் பாகீரதியைப் பலி கொடுக்கிறார்கள், நீர் நிறைகிறது. உடைந்துகொண்டே இருந்த கரை ஒரு பெண்ணைப் புதைத்ததும் நின்றது என்ற கதையைத் தமிழ் ஊர்களிலும் கேட்கலாம். செத்தவள் அம்மனாகிக் கரையில் பொங்கல் வாங்குகிறாள். மதுராந்தகத்தில் கொஞ்சம் மாறுதல்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடையவிருந்த கரையை இராமனும் இலக்குவனும் வில்லோடு நின்று காத்ததைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டதாகவும், நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதிக்குத் திருப்பணி செய்ததாகவும் ஐதிகம். காவல் காத்த பெருமை ஏரி காத்த ராமருக்குப் போனது. தாயாருக்குக் கட்டடம் கிடைத்தது. அந்தக் கதைகளில் உள்ள பேரத்தில் இதுவே பரவாயில்லை என்று வகுப்பில் சொல்வேன், மாணவிகள் சிரிப்பார்கள்.

சிரிப்பு அடங்கியபின் வருவது குடிமராமத்து. ஊரே கூடித் தன் ஏரியைத் தானே பராமரித்த பொற்காலம் என்று மேடைகளில் அதைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் கெடுத்தான் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. நிலவரியை வசூலித்த கம்பெனி பராமரிப்புக்குச் செலவிட மனமில்லாமல் ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டது. பிறகு 1858இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடிமராமத்தின் சட்டம் என்று நாம் சொல்லும் அதன் பெயர் ‘மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்’. பெயரிலேயே உண்மை இருக்கிறது. யார் உழைத்தார்கள், யார் உழைக்கவைத்தார்கள் என்பது ஒவ்வோர் ஊரின் சாதி அடுக்கைப் பொறுத்தது. மடை திறக்கும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள்; எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பது அவர்களுக்கு அத்துப்படி, அவர்களுக்கு வயல் இல்லை. மண் சுமந்த பெண்களுக்கு அந்த அறிவின் பெயர்கூட இல்லை. குடிமராமத்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏக்கம் வருவதில்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் 100 கோடி ரூபாயில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தது. வேலை பாசனதாரர் சங்கங்கள் வழியாக நடக்கவேண்டும். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைச் சங்கம் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். ஏரியைத் தூர் எடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி சங்கத்தைப் பற்றியது. 2000ஆம் ஆண்டின் பாசன முறை மேலாண்மைச் சட்டப்படி, விவசாயி என்றால் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். கால் வேலி என்ற அளவு போய்விட்டது. நிலம் என்ற நிபந்தனை போகவில்லை.

நிலம் யாரிடம் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நில அலகுகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 14 விழுக்காடுதான் பெண்களின் பொறுப்பில் உள்ளது. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, பெருமைதான். ஆனால் அதற்குமுன் மணமானவளை விட்டுவிட்டது. மைய அரசின் திருத்தம் 2005இல் வந்தது. சட்டம் கொடுத்ததைச் சீர், நகை, ‘அண்ணன் மனசு நோகக்கூடாது’ என்ற மூன்றும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. “உங்கள் வீட்டு நிலத்தின் பட்டா யார் பெயரில்?” என்று ஆண்டுதோறும் வகுப்பில் கேட்கிறேன். அம்மா பெயரில் என்று உயரும் கைகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் பாதி, அப்பா இறந்தபின் மாறியவை.

பட்டா வெறும் உரிமைச்சீட்டு என்று நினைத்துவிடக்கூடாது. பயிர்க்கடன், காப்பீடு, சொட்டுநீர்க் கருவிக்கான மானியம், வறட்சி நிவாரணம் எல்லாம் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கின்றன. காலநிலை மாறமாற நிவாரணமும் மானியமும் பெருகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரையில் குளங்கள் உடைந்தன. வயலை மணல் மூடியபோது அந்த வயலில் முப்பது வருடம் களை பறித்தவளுக்கு நட்டம் உண்டா? தாள்படி இல்லை. ஏரிக்குள் மட்டும் அவளுக்கு இடமுண்டு. 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டின் மனித உழைப்பு நாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவை, அதில் பெரும்பகுதி ஏரி, குளம், வாய்க்கால் வேலை. அவர்கள் ஏரியை ஆழப்படுத்துகிறார்கள், ஏரியின் சங்கத்தில் அவர்கள் இல்லை.

தகவமைப்பின் இன்னொரு முகம் வயலுக்குள் நடக்கிறது. மடகாஸ்கரில் அன்ரி லொலானியே என்ற பாதிரியார் 1980களில் உருவாக்கிய நெல் முறை இங்கே ‘செம்மை நெல் சாகுபடி’யாக வந்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலும். நீர் மிச்சம், விதை மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறைவு. நல்ல முறை என்றே நானும் நம்புகிறேன். ஆனால் களையைக் கோனோவீடர் உருட்டி மண்ணுக்குள் அமுக்கும்போது அந்த வேலை பல இடங்களில் ஆண் கைக்கு மாறியது. குனிந்து களை பறித்தவள் முதுகு நிமிர்ந்தாள் என்று மகிழலாம், அன்றைய கூலி போயிற்று என்றும் சொல்லவேண்டும். டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் நேரடி விதைப்பு பரவுகிறது. நாற்றங்கால் இல்லை, நடவும் இல்லை. நீரும் செலவும் குறைவதை அறிக்கைகள் கணக்கிடுகின்றன. நடவுக் கூலி எத்தனை வீடுகளில் அரிசியாக இருந்தது என்ற பத்தி அவற்றில் இல்லை.

இதே டெல்டாவில் ஒருவர் கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்கினார். 1968இல் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட தலித் குடும்பங்கள் குடிசையோடு எரிக்கப்பட்டபின் அங்கே போன கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். உழுபவருக்கு நிலம் என்பது அதன் கொள்கை. நிலக்கிழார்களோடு பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, வீட்டுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று பிரித்துப் பெண்களின் பெயரில் பதிந்தார்கள். ஆயிரக்கணக்கான தலித் பெண்கள் பட்டாதாரர் ஆனார்கள். கணவன் குடித்து விற்றுவிடக்கூடாது என்ற நடைமுறைக் காரணம் ஒன்றும் அதில் இருந்தது. கிருஷ்ணம்மாள் கோட்பாடு பேசியவர் அல்லர், பத்திரம் பதிந்தவர். 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் நிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது அவரும் கணவரும் அதற்கு எதிராகப் போராட்டம் நடத்தினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அப்படிப்பட்ட பண்ணைகள் கூடாது என்றது.

அந்த நிலங்கள் இருப்பது கடைமடைப் பகுதி. மேலே எல்லோரும் பாய்ச்சி முடித்தபின்தான் அங்கே காவிரி வருகிறது. வராத ஆண்டில் கீழேயிருந்து கடல் ஏறுகிறது. பட்டா கையில் இருப்பதால் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெண்களுக்குப் பாசனதாரர் சங்கத்தில் வாக்கு உண்டு, தேர்தலில் நிற்கும் உரிமையும் உண்டு. முறைப்பாசனத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முடிவாகும் கூட்டத்துக்கு அழைப்பு அவர்கள் பெயருக்கு வரவேண்டும். அது வீட்டு ஆண் பெயருக்கு வந்தால் திருப்பி அனுப்பலாம்.