கேண்டிடா ஆரிஸ்: எதிர்ப்புத்திறனின் வரலாறு

ஜப்பானில் மூதாட்டி ஒருவரின் காதுக் கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூஞ்சைக்கு 2009இல் கேண்டிடா ஆரிஸ் எனப் பெயரிடப்பட்டது. இலத்தீனில் 'ஆரிஸ்' என்பது காது. தென்கொரியாவில் 1996இல் பெறப்பட்ட மாதிரியிலும் இப்பூஞ்சை இருந்தமை பின்னர் அறியப்பட்டது. எனவே பெயரிட்ட ஆண்டைத் தோற்ற ஆண்டாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய பகுதிகளில் நான்கு தனிக் கிளைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நோயாக வெளிப்பட்டதை 2017இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது.

பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் இன்றியமையாதது. அதனை உருவாக்கும் வளர்சிதைமாற்றத்தில் பங்குகொள்ளும் நொதியொன்றை ஃபுளுகோனசோல் தடுக்கிறது. அந்நொதிக்குரிய மரபணுவில் எதிர்ப்புத்திறனுடன் தொடர்புடைய மாற்றங்கள் தெற்காசியக் கிளையில் ஒருவகையாகவும் ஆப்பிரிக்கக் கிளையில் வேறுவகையாகவும் காணப்படுகின்றன. ஆகவே எதிர்ப்புத்திறன் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று, தனித்தனியே தோன்றியதாகும். இப்பூஞ்சை எங்கிருந்து வந்தது என்பதோடு, அவ்வவ்விடத்து மருந்துப் பயன்பாட்டின் வரலாறும் ஆராயப்படல் வேண்டும்.